பேச்சாளர் வருகிறார், போலீஸ் செலவு யார் தலையில்?

2017 செப்டம்பர் 14 அன்று பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸெல்லர்பாக் அரங்கில் வலதுசாரிப் பேச்சாளர் பென் ஷபிரோ பேசினார். அவரை அழைத்த தரப்பிடம் பாதுகாப்புக்கென்று பல்கலைக்கழகம் கேட்டது 9,162 டாலர். அன்றைய மாலைக்குப் பல்கலைக்கழகம் செலவழித்ததோ ஏறக்குறைய 6 லட்சம் டாலர். மிச்சத்தை யார் கட்டுவது? அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களின் ‘பெரிய நிகழ்ச்சிக் கொள்கை’களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. அரங்கு ஒதுக்கீடு, விண்ணப்பக் கெடு, டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் இதன் கிளைகள்.

கொள்கையை எழுதும் குழுக்களுக்கும், அதன் கீழ் நிகழ்ச்சி நடத்தும் மாணவர் அமைப்புகளுக்கும் சேர்த்தே இந்த ஒப்பீடு. சர்ச்சைப் பேச்சாளர்களை மனதில் வைத்து எழுதும் விதி, வருடம் முழுக்க வந்து விழுவது என்னவோ இந்திய மாணவர் சங்கத்தின் தீபாவளி இரவு மீதும் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா மீதும்தான். 400 பேர், சாப்பாடு, ஆட்டம் பாட்டம், வாசலில் டிக்கெட் விற்பனை என்றால் எந்த வளாகத்திலும் அது ‘பெரிய நிகழ்ச்சி’ கணக்கில் போய்விடும்.

எல்லைக்கோட்டை முதலில் போட்டுவிடலாம். பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். மாநிலப் பல்கலைக்கழகம் அரசின் அங்கம் என்பதால் அதன் நிர்வாகி போடும் கட்டணமும் அரசு போட்ட கட்டணம்தான். தனியார் பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கட்டு கிடையாது, அது தன் விதியைத் தானே எழுதிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் 1992-இல் வந்த லெனார்டு சட்டம், மதம் சாராத தனியார் கல்லூரிகளும் தங்கள் மாணவர்களைப் பேச்சுக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. கீழே சொல்வதெல்லாம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு.

அவற்றின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஆன செலவை அழைத்தவரிடமே வாங்குவது ஒன்று. முன்பே அச்சிட்ட கட்டண அட்டவணைப்படி மட்டும் வாங்குவது இரண்டாவது. ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றையும் பல்கலைக்கழகமே ஏற்பது மூன்றாவது. யார் அரங்கு கேட்கலாம் என்பதையே சுருக்கிவிடுவது நான்காவது. எங்கள் தேர்வு இரண்டாவது வழி, நான்காவதில் பாதியைச் சேர்த்துக்கொண்டு. முதல் வழியை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. அது ஏன் என்று பார்ப்பதற்குள்ளேயே மற்ற மூன்றின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆன செலவை அப்படியே வாங்கினால்

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கூட்டம் போடுபவர் காசு கட்டட்டும், வரிப்பணத்திலும் மற்ற மாணவர்களின் கட்டணத்திலும் ஏன் கை வைக்க வேண்டும்? நிர்வாகக் குழுக்களில் இதைச் சொல்ல ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் நிதி அலுவலகத்திலிருந்து வந்தவர்.

இதற்குப் பதில் 1992-லேயே வந்துவிட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), ஊர்வலத்துக்கு அனுமதி கேட்பவரிடம் நாளுக்கு அதிகபட்சம் 1,000 டாலர் வரை வாங்கலாம் என்று ஒரு விதி வைத்திருந்தது. தொகையை அதிகாரி தீர்மானிப்பார். இனவெறி அமைப்பு ஒன்றிடம் 100 டாலர் கேட்டார்கள். அதுவும் போலீஸ் செலவுக்கு இல்லை, விண்ணப்பத்தைப் பார்க்க அதிகாரி செலவிட்ட பத்து மணி நேரத்துக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த விதியையே தூக்கி எறிந்தது. அது சொன்ன காரணங்கள் இரண்டு. எவ்வளவு வாங்குவது என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லாமல் அதிகாரியின் கையில் விட்டது முதல் குற்றம். எத்தனை போலீஸ் வேண்டும் என்று கணக்கிட, பேச்சைக் கேட்டு யாருக்குக் கோபம் வரும் என்று அதிகாரி யோசித்தாக வேண்டும். அப்படி யோசிக்கும் கணத்திலேயே கட்டணம் பேச்சின் உள்ளடக்கத்துக்குப் போட்ட வரியாகிவிடுகிறது என்பது அடுத்தது. தொகை சின்னது என்பதால் குற்றம் சின்னதாகிவிடாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

இதைப் படிக்காமலா பல்கலைக்கழகங்கள் கொள்கை எழுதுகின்றன? வக்கீல்கள் படித்திருப்பார்கள். பில் போடுகிற மேசைக்கு அது போய்ச் சேர்வதில்லை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2018 பிப்ரவரி 10 அன்று ரெட் ஸ்குவேர் முற்றத்தில் கூட்டம் நடத்தக் குடியரசுக் கட்சி மாணவர் அமைப்பு கேட்டது. பாதுகாப்புக்கு 17,000 டாலர் என்று நிர்வாகம் மதிப்பிட்டது. முந்தைய நாளே கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் கட்டணத்துக்குத் தடை போட்டது. கூட்டம் நடந்தது. அதே ஆண்டில் வழக்கைச் சமரசமாக முடிக்கப் பல்கலைக்கழகம் எதிர்த்தரப்பு வக்கீல் செலவாகக் கொடுத்தது 1,22,500 டாலர். 17,000 வாங்கப் போய் அதைப் போல ஏழு மடங்கு கையை விட்டுப் போனது. நிதி அலுவலகத்தோடு வாதாட வேண்டியிருந்தால் அரசியல் சட்டத்தை விட்டுவிட்டு இந்தக் கணக்கை மட்டும் காட்டுங்கள்.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் இதற்குப் பிறகும் அதே பள்ளத்தில் விழுந்தது. 2023 அக்டோபரில், பெண்கள் விளையாட்டில் திருநங்கையர் பங்கேற்பதை எதிர்க்கும் முன்னாள் நீச்சல் வீராங்கனை ரைலி கெய்ன்ஸ் பேசிய கூட்டத்துக்கு 5,000 டாலருக்கு மேல் பில் போட்டு, 2024-இல் தடை உத்தரவு வாங்கிக்கொண்டது. அங்கே கொள்கை எழுத்தில் இருந்தது. ஆனாலும் எத்தனை போலீஸ் என்பது ஒவ்வொரு முறையும் அலுவலகம் சொல்வதாகவே இருந்தது.

இன்னொரு கோணமும் உண்டு. செலவைக் கூட்டுவது பேச்சாளர் இல்லை, எதிர்ப்பவர்கள். எதிர்ப்பு பெரிதாக இருக்கும் என்று நான்கு பதிவு போட்டாலே பில் ஏறும், பில் ஏறினால் கூட்டம் ரத்தாகும். ரகளை செய்ய வேண்டியதுகூட இல்லை, செய்வேன் என்று சொன்னாலே போதும். இன்று ஒரு தரப்பைக் காப்பாற்றும் இந்தத் தந்திரம் நாளைக்கு மறு தரப்பின் கையில் அதே கூர்மையோடு இருக்கும். காஸா போரை எதிர்த்துக் கூட்டம் போட்ட மாணவர் அமைப்புகளுக்கும் பாதுகாப்புக் கட்டண விதி அதேதான்.

எல்லாவற்றையும் தானே ஏற்றால்

சட்டப்படி இதைவிடப் பத்திரமான வழி இல்லை. யாரிடமும் கட்டணமே வாங்காத இடத்தில் பாரபட்சம் என்று வழக்குப் போட முடியாது.

கையைக் கடிக்கும் என்பதுதான் சங்கடம். பெர்க்லி 2017 ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு மாதத்துக்குள் பாதுகாப்புக்குக் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் செலவழித்தது. அதில் ஒரு பங்கு ‘சுதந்திரப் பேச்சு வாரம்’ என்று விளம்பரப்படுத்திய நான்கு நாள் நிகழ்ச்சிக்காக. அந்த நிகழ்ச்சி நடக்கவே இல்லை. அழைத்த மாணவர் அமைப்பு அரங்குக் கெடுக்களைத் தவறவிட்டு, கடைசியில் நிகழ்ச்சியைக் கைவிட்டது. வலதுசாரிப் பேச்சாளர் மைலோ யியனோபுலஸ் மட்டும் செப்டம்பர் 24 அன்று வளாகத்தின் ஸ்ப்ரோல் முற்றத்துக்கு வந்து இருபது நிமிடம் போல நின்றுவிட்டுப் போனார், அதற்கான பாதுகாப்புக்கே சுமார் 8 லட்சம் டாலர் ஆனது. அரங்கை மறுக்கலாம், திறந்த முற்றத்தை மறுக்க முடியாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1964-இல் சுதந்திரப் பேச்சு இயக்கம் பிறந்த அதே முற்றம் அது. யாரும் வந்து நிற்கலாம், அதனால் போலீஸும் வந்து நின்றாக வேண்டும்.

இலவசம் என்றாலும் எல்லை வைக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி, தேர்வு வாரத்தில் எதுவும் இல்லை, ஒரு அமைப்புக்குப் பருவத்துக்கு இத்தனை என்பவை யார் பேசுகிறார் என்று பார்க்காத எல்லைகள். ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் அதற்கும் காரணம் காட்ட வேண்டியிருக்கும். ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்தில் வெளியாள் ஒருவர் பருவத்துக்கு ஐந்து நாள்தான் பேசலாம் என்று இருந்த விதியை 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. அதே தீர்ப்பு மூன்று வேலை நாள் முன்னறிவிப்பையும் தேர்வு நாள் தடையையும் ஏற்றுக்கொண்டது.

வாசலைச் சுருக்கினால்

ரிச்சர்டு ஸ்பென்சர் என்ற வெள்ளை இனவாதி 2016 முதல் 2018 வரை பல்கலைக்கழகங்களைச் சுற்றி வந்தபோது பிரபலமான வழி இது. அவரை எந்த மாணவர் அமைப்பும் அழைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அரங்கு வாடகைக்கு எடுக்கலாம் என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2016 டிசம்பரில் அவர் பேசி முடித்ததும், அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்பு ஒன்று அழைத்தால்தான் வெளியாருக்கு அரங்கு என்று மாற்றியது. ஆபர்ன் பல்கலைக்கழகம் மாற்றாமல் இருந்தது, 2017 ஏப்ரலில் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தது, கூட்டத்தன்றே நீதிமன்ற உத்தரவு வந்து அரங்கைக் கொடுத்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் முதலில் மறுத்துப் பின்னர் வழிவிட்டது. 2017 அக்டோபர் 19 அன்று ஃபிலிப்ஸ் மையத்துக்கு வாடகையாக வந்தது 10,564 டாலர், பாதுகாப்புக்குப் போனது சுமார் 6 லட்சம். மாநில ஆளுநர் அந்தக் கவுன்ட்டிக்கு அவசர நிலை அறிவித்திருந்தார்.

ஆகவே வெளியாருக்கு நேரடி வாடகை இல்லை என்ற விதியை இன்றே எழுதிவிடலாம். விண்ணப்பம் வந்து சேர்ந்த பிறகு எழுதினால் நீதிபதி தேதியைத்தான் முதலில் பார்ப்பார். ஆனால் இந்த வழி பாதிதான் காப்பாற்றும். ஷபிரோ, வலதுசாரி எழுத்தாளர் ஆன் கூல்டர், மைலோ மூவரையும் பெர்க்லிக்கு அழைத்தது பதிவுபெற்ற மாணவர் அமைப்புதான். மாணவர் அமைப்பைக் கருத்துக்காக அங்கீகரிக்க மறுக்கவும் முடியாது, அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் 1972-லேயே மூடிவிட்டது.

இங்கே ஒரு சின்னப் பொறி. பதிவுக்கு ஒரு பேராசிரியர் ஆலோசகராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பல வளாகங்களில் விதி உண்டு. பெயர் கெட்ட அமைப்புக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. ஆலோசகர் கிடைக்காவிட்டால் மாணவர் நல அலுவலகமே ஒருவரை நியமிக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நடுநிலை விதியின் வழியாகவே பாரபட்சம் நுழைந்துவிடும்.

அட்டவணை: எப்படி எழுதுவது

2017 வசந்தத்தில் பெர்க்லியில் ‘பிரபலப் பேச்சாளர்’ என்று ஒரு எழுதப்படாத விதி இருந்தது. கூட்டம் மாலை 3 மணிக்குள் முடிய வேண்டும், அலுவலகம் சொல்லும் அரங்கில்தான் நடக்க வேண்டும். யார் பிரபலம் என்பதை அலுவலகமே தீர்மானிக்கும். கூல்டர் ஏப்ரல் 27 கேட்டார், வகுப்பே இல்லாத படிப்பு வாரத்தில் மே 2 தருகிறோம் என்றார்கள். வழக்கு வந்தது. 2018 டிசம்பரில் சமரசம்: 70,000 டாலர், அந்த விதி கைவிடப்பட்டது, நிலையான கட்டண அட்டவணை வந்தது. வழக்கில் தோற்றுக் கற்பதற்குப் பதில் முன்கூட்டியே எழுதிவிடலாம் என்பதே எங்கள் வாதம்.

அட்டவணையில் வரக்கூடியவை: எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, அரங்கின் கொள்ளளவு, வாசல்களின் எண்ணிக்கை, உள்ளேயா வெளியேயா, மது உண்டா, வாசலில் ரொக்கம் கைமாறுமா, வளாக அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமா பொதுமக்களுக்கும் திறப்பா, எத்தனை மணிக்கு முடிகிறது. வரக்கூடாதவை: பேச்சாளர் முன்பு பேசிய இடங்களில் என்ன நடந்தது, எத்தனை பேர் எதிர்ப்புக்குப் பதிவு செய்திருக்கிறார்கள், வந்த மிரட்டல், தலைப்பு, சமூக ஊடகத்தில் தேடியதில் கிடைத்தது. அழைக்கும் அமைப்பு சென்ற முறை கதவை அடைத்து நாற்காலி போட்டது, கூடுதல் ஆட்களை ஏற்றியது போன்ற அதன் சொந்த மீறல்களைக் கணக்கில் எடுக்கலாம். எதிரிகளின் மீறலை அதன் கணக்கில் எழுதக் கூடாது.

டெக்சாஸ் 2019-இல் இயற்றிய வளாகப் பேச்சுச் சட்டம் இந்தக் கோட்டை வரைய முயன்று பாதியில் தடுமாறுகிறது. கட்டணம் நிர்ணயிக்கும்போது அரங்கையும் கூட்ட அளவையும் ‘எதிர்பார்க்கும் பாதுகாப்புத் தேவையையும்’ பார்க்கலாம் என்கிறது. அடுத்தாற்போல், எதிர்பார்க்கும் சர்ச்சையைப் பார்க்கக் கூடாது என்கிறது. சர்ச்சையைப் பார்க்காமல் பாதுகாப்புத் தேவையை எப்படிக் கணக்கிடுவது? முடியாது. அதனால்தான் இரண்டையும் இரண்டு தாளாகப் பிரித்துவிட வேண்டும் என்கிறோம்.

முதல் தாள் கட்டணத் தாள். மாணவர் நல அலுவலக ஊழியர் நிரப்புவது. மேலே சொன்ன எட்டு விவரங்களும் அமைப்பின் சொந்த மீறல்களும் மட்டும், பேச்சாளர் பெயருக்கு அதில் கட்டமே இருக்கக் கூடாது. இரண்டாவது தாள் பாதுகாப்பு மதிப்பீடு. போலீஸ் எழுதுவது. அதில் மிரட்டல், எதிர்ப்பு, உளவுத் தகவல் எதுவும் வரலாம், எத்தனை பேரை இறக்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். முதல் தாள் பில்லாகப் போகும். இரண்டாவது தாள் பில் போடும் மேசைக்கு வரவே கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பல்கலைக்கழகத்தின் கணக்கு. கோப்பு எண்கூடத் தனித்தனியாக இருப்பது நல்லது. வழக்கு வந்தால் மின்னஞ்சல்கள் எல்லாம் நீதிமன்றத்துக்குப் போகும், “இந்த ஆள் வந்தால் இன்னும் பத்து பேர் வேண்டும், பில்லை மாற்றுங்கள்” என்று ஒரே ஒரு மின்னஞ்சல் இருந்தால் அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. 400 பேர், உள்ளரங்கம், மது இல்லை, பொதுமக்களுக்குத் திறப்பு, இரவு 7 முதல் 10. அட்டவணைப்படி இரண்டு போலீஸ்காரர், முன்னும் பின்னும் ஒரு மணி சேர்த்து ஐந்து மணி நேரம், மணிக்கு 100 டாலர். மொத்தம் 1,000. தீபாவளி இரவுக்கும் இதே 1,000, செனட்டருக்கும் 1,000, ஊரே கொதிக்கும் பேச்சாளருக்கும் 1,000. கடைசியில் சொன்னவருக்குப் போலீஸ் 60 பேரை இறக்கினால் மீதி 58 பேரின் ஓவர்டைம் பல்கலைக்கழகத்துடையது. அமைப்பாளரே தன் விருப்பத்தில் உலோகச் சோதனை வாயிலோ பை சோதனையோ கேட்டால் அதை அவர் கட்டட்டும். பல்கலைக்கழகம் கட்டாயப்படுத்தினால் பல்கலைக்கழகம் கட்டட்டும்.

இன்சூரன்ஸ் வழியாகப் பின்கதவு திறப்பதும் நடக்கும். நிகழ்வுக்கு 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு என்பது பல வளாகங்களில் வழக்கமான நிபந்தனை. பிரீமியத்தை நிர்ணயிப்பது இன்சூரன்ஸ் கம்பெனி, அது சர்ச்சையைத் தாராளமாகக் கணக்கில் எடுக்கும். கட்டணத்தில் நடுநிலை காத்துவிட்டு இங்கே கோட்டைவிடக் கூடாது. பதிவுபெற்ற மாணவர் அமைப்புகளைப் பல்கலைக்கழகத்தின் மொத்தக் காப்பீட்டில் சேர்த்துவிடுவதே சுத்தமான வழி.

எண்ணிக்கை என்ற இடத்தில் நடக்கும் தவறுகள்

‘200 பேருக்கு மேல்’ என்று எழுதிவிட்டால் போதாது. ஒரே அரங்கு மூன்று கொள்ளளவு கொண்டது. அமெரிக்கக் கட்டட விதிகளின்படி நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு ஆளுக்கு 5 சதுர அடி, நாற்காலி மட்டும் போட்டால் 7, மேசையும் நாற்காலியும் என்றால் 15. 3,500 சதுர அடி கூடத்தில் நின்றால் 700 பேர், நாற்காலியில் 500, விருந்து மேசை போட்டால் 233. விழா மாலையில் விருந்தாகத் தொடங்கி, ஒன்பதரைக்கு மேசைகளை ஓரம் தள்ளி ஆட்டத்துக்கு இடம் விட்டால் கூட்டத்தின் அடர்த்தியும் விதியும் நடுவிலேயே மாறிவிடும். இந்தியச் சங்கங்களின் விழாக்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். விண்ணப்பத்தில் இரண்டு வரைபடங்களையும் கொடுத்து, அதிக எண்ணிக்கைக்கே அனுமதி வாங்கிவிடுங்கள். தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் உயிர்ப்பாதுகாப்பு விதி 250 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற கூட்ட மேலாளர் வேண்டும் என்கிறது. மாணவர்களையே அதற்குப் பயிற்றுவிக்கலாம். போலீஸ் ஓவர்டைமைவிட எவ்வளவோ மலிவு.

கொள்கையில் ‘நடனம், இசைக் கச்சேரி’ என்று நிகழ்ச்சியின் பெயரையே அளவுகோலாக வைப்பதையும் தவிர்க்கலாம். மது, நிற்கும் கூட்டம், பின்னிரவு ஆகியவற்றுக்குத்தான் கட்டணம். அவை எதுவும் இல்லாத பரதநாட்டிய அரங்கேற்றம் ‘நடனம்’ என்ற சொல்லுக்காக ஏன் கூடுதல் கட்ட வேண்டும்?

இலவச டிக்கெட் இன்னொரு ஓட்டை. எதிர்ப்பவர்கள் ஆன்லைனில் இடங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வராமல் இருப்பார்கள், அரங்கு பாதி காலியாகக் கிடக்கும், வெளியே உண்மையான ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அடையாள அட்டையோடு நேரில் வந்து வாங்க வைத்து, ஆளுக்கு ஒன்று மட்டும் கொடுத்து, தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது காலி இடங்களை வரிசைக்குத் திறந்துவிட்டால் பெருமளவு சரியாகும். நுழைவு வேகத்தையும் கணக்கிட வேண்டும். பை சோதனையோடு ஒரு வழியில் நிமிடத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 1,000 பேரை நான்கு வழிகளில் உள்ளே விட 50 நிமிடம். கதவை அரை மணி முன்பு திறந்தால், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் 400 பேர் வெளியே எதிர்ப்பாளர்களோடு தோளுரசி நிற்பார்கள். கைகலப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைக்காது.

இடமும் நேரமும்

இடம், நேரம், முறை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. கருத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டும், வேறு நல்ல வழியும் திறந்திருக்க வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஸ்பென்சர் வழக்கைச் சமரசமாக முடித்து, 2018 மார்ச் 5 அன்று, வசந்த விடுமுறையில், வளாகத்தின் ஓரத்திலுள்ள கால்நடைக் கண்காட்சிக் கூடத்தைக் கொடுத்தது. உள்ளே சில டஜன் பேர், வெளியே அடிதடி, கைதுகள். வகுப்பில் மாணவர்கள் இல்லாத நாள் என்பதால் சேதம் குறைந்தது. ஆனால் அது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஒருதலைப்பட்சமாகச் செய்தால் கூல்டருக்கு மே 2 கொடுத்த கதையாகும்.

கெடுவைப் பொறுத்தவரை அரங்குகளுக்கு ஆறு வாரம், எட்டு வாரம் என்று கேட்பதில் தவறில்லை. திறந்த முற்றத்துக்கு அதைக் கேட்டால் நிற்காது. சின்சினாட்டி பல்கலைக்கழகம் வளாகத்தின் 0.1 சதவீத இடத்தை மட்டும் பேச்சுக்கு ஒதுக்கி, அதற்கும் 5 முதல் 15 நாள் முன்னறிவிப்புக் கேட்டது. 2012-இல் நீதிமன்றம் தடுத்தது. நேற்று நடந்த செய்திக்கு இன்று எதிர்வினை காட்ட வருபவர்களுக்கு முன்னறிவிப்பே வேண்டாம், ஒலிபெருக்கியும் மேடையும் கேட்டால் மட்டும் விண்ணப்பம் என்று பிரித்துவிடுவது நல்லது.

2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா வேலி பல்கலைக்கழகத்தின் திறந்தவெளியில் சுமார் 3,000 பேர் முன்னால் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பாதுகாப்பு மதிப்பீட்டுத் தாள் மாறித்தான் ஆக வேண்டும். அன்று வளாகப் போலீஸ் ஆறு பேர் இருந்தார்கள், நுழைவுச் சோதனை இல்லை, குண்டு வந்தது அருகிலிருந்த கட்டடத்தின் கூரையிலிருந்து. திறந்தவெளி நிகழ்ச்சிக்கு ஒப்புதல் தரும் முன் சுற்றிலும் பார்வைக்கோட்டில் உள்ள கூரைகளின் பட்டியல், ஒவ்வொரு கூரைக் கதவின் சாவி யாரிடம், நிகழ்ச்சி நேரத்தில் அங்கே நிற்பது யார் என்ற மூன்று விவரமும் தாளில் இருக்க வேண்டும். அவற்றை நிரப்ப ஆள் இல்லையென்றால் உள்ளரங்கத்துக்கு மாற்றச் சொல்லலாம். இது 500 பேருக்கு மேல் வரும் எல்லாத் திறந்தவெளி நிகழ்ச்சிக்கும் பொதுவான விதியாக இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இந்தச் செலவும் இரண்டாவது தாளில்தான் சேரும்.

குறுக்கே கத்துபவர்களைப் பற்றி ஒரு வரியாவது கொள்கையில் வேண்டும். எத்தனை எச்சரிக்கை, யார் சொல்வது, என்ன வாசகம் என்று எழுதி மேடைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழக அமைப்பு 2017-இல் இரண்டாம் முறை இடைநீக்கம், மூன்றாம் முறை வெளியேற்றம் என்று விதி போட்டது. இவ்வளவு இறுக்கினால் தண்டிக்கும் குழுவே தயங்கும், விதி ஏட்டில் கிடக்கும் என்பது எங்கள் கணிப்பு. வெளியே கொண்டுபோய் விடுவதும் சிறிய, நிச்சயமான தண்டனையும் போதும்.

சின்ன வளாகங்கள் என்ன செய்வது

அட்டவணைப்படி 1,000 வாங்கிக்கொண்டு 58 பேரின் சம்பளத்தை ஏற்கப் பெர்க்லியால் முடியும். மூவாயிரம் மாணவர்கள் உள்ள மாநிலக் கல்லூரி ஒரே மாலையில் திவாலாகும். இதற்குக் கட்டணத்தை ஏற்றுவது பதில் இல்லை. மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் தலைமை அலுவலகத்தில் பொது நிதி ஒன்று வைத்து, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் பாதுகாப்புச் செலவை அங்கிருந்து எடுப்பதுதான் நடைமுறையில் சாத்தியம். பெர்க்லியின் 2017 செலவிலும் ஒரு பங்கை அமைப்பின் தலைமை அலுவலகம் ஏற்றது. கூடவே பக்கத்து நகரப் போலீஸ், கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகம் இரண்டோடும் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தில் மணிக்கட்டணத்தை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு போய்க் கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை.